ஹெர்மிஸ், 53 மீட்டர்: அலுமினியம் 80 இரண்டைக் கட்டி இரட்டை டேங்க் செட் அமைப்பது பற்றி

கொண்டல் எழுதியது:

வணக்கம். மட்டக்களப்புக் கடலில் மூழ்கிக் கிடக்கும் எச்.எம்.எஸ். ஹெர்மிஸ் போர்க்கப்பலுக்கு இறங்குவதற்காக ஒரு இரட்டை டேங்க் செட் கட்டுகிறேன். தரை 53 மீட்டர். கப்பலுக்குள் நுழையும் எண்ணம் இல்லை, வெளிப்புறம் மட்டும்தான்.

கையில் இருப்பவை: லக்ஸ்ஃபர் அலுமினியம் 80 டேங்க் இரண்டு (11.1 லிட்டர், 207 பார்), ஸ்டீல் பேக்பிளேட் (முதுகுத் தகடு), 18 கிலோ தூக்கும் விங் (முதுகில் காற்று ஊதும் மிதவைப் பை), டின் (திருகி மாட்டும் வகை) ரெகுலேட்டர் இரண்டு, 5 மி.மீ. வெட்சூட். வாங்க வேண்டியது ஐசொலேட்டர் (நடுவே மூடும் வால்வு) உள்ள மேனிஃபோல்டும் (இரண்டு டேங்கையும் குறுக்குக் குழாயால் இணைக்கும் வால்வுத் தொகுதி), டேங்குகளைச் சேர்த்துக் கட்டும் பேண்டும். ஐரோப்பாவிலிருந்து பழைய மேனிஃபோல்ட் ஒன்று நல்ல விலைக்கு வருகிறது, எடுக்கலாமா?

ஹோஸ் எதை எந்த வால்வில் போடுவது என்பதில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். விங்குக்குக் காற்று விடும் இன்ஃப்ளேட்டரை இடப்பக்கம் போட்டால்தான் ஹோஸ் நேராக வரும் என்பது ஒரு கட்சி. சரியா? முதுகில் வெறும் காற்றை வைத்து அடியில் 20 நிமிடம், மேலே வர 50 சதவீதம் ஆக்சிஜன் உள்ள நைட்ராக்ஸ், அலுமினியம் 40 என்ற சின்ன டேங்க் ஒன்றில் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். அதையும் பார்த்துச் சொல்லுங்கள்.

சுழியோடி:

மேனிஃபோல்டுக்குக் காசு கொடுக்கும் முன் டேங்கின் தோள்பகுதியில் குத்தியிருக்கும் எழுத்தைப் படியுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

அலுமினியம் 80 இரண்டு விதக் கழுத்து மரையோடு வருகிறது. அமெரிக்கத் தரத்தில் செய்ததென்றால் 3/4-14 என்.பி.எஸ்.எம்., ஐரோப்பியத் தரத்தில் செய்ததென்றால் எம்25×2. ஐரோப்பாவிலிருந்து வரும் மேனிஃபோல்ட் பெரும்பாலும் எம்25 ஆகத்தான் இருக்கும். கெட்டது என்னவென்றால், எம்25 வால்வு 3/4 கழுத்துக்குள் ஏறிவிடும். லேசாக ஆடும், ஆனால் அடிவரை திருகினால் இறுகியது போலவே இருக்கும். ஓ-ரிங் (ரப்பர் வளையம்) கூடக் கொஞ்ச அழுத்தம்வரை காற்றைப் பிடித்துக்கொள்ளும். உண்மையில் மரையின் நுனிகள் மட்டும்தான் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். கம்ப்ரசரில் போட்டு நிரப்பும்போது வால்வு பிய்த்துக்கொண்டு பறக்கும். எதிரே நிற்பவர் உயிர் போகும். ஆகவே டேங்கில் இருக்கும் எழுத்தும் வால்வின் தண்டில் இருக்கும் எழுத்தும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். வால்வில் எழுத்து தேய்ந்துபோயிருந்தால் வாங்காதீர்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி.

டேங்க் பழையது என்றால் உலோகத்தையும் கேளுங்கள். லக்ஸ்ஃபர் அமெரிக்காவில் 1988 வரை 6351 கலவையில் செய்தது. அதில் கழுத்துப் பகுதியில் விரிசல் விழும் குறை உண்டு. பிறகு வந்த 6061-க்கு அந்தக் குறை இல்லை.

அளவுகள்: அலுமினியம் 80-ன் விட்டம் 184 மி.மீ., பேண்ட் அந்த அளவில் வேண்டும். மேனிஃபோல்டின் மையத்திலிருந்து மையம் 215 மி.மீ. சந்தையில் 185 மி.மீ. மேனிஃபோல்டும் கிடைக்கும். அது 171 மி.மீ. விட்டமுள்ள ஒல்லி டேங்குக்கானது, உங்களுக்கு ஆகாது. பேண்டுகளின் போல்ட் இடைவெளி 11 அங்குலம், அதாவது 279 மி.மீ. பேக்பிளேட் துளையும் விங் துளையும் அந்தக் கணக்கில்தான் இருக்கும்.

கட்டும்போது நடக்கும் தவறு ஒன்றே ஒன்றுதான்: மேனிஃபோல்டைக் கைப்பிடியாக நினைப்பது. இரண்டு டேங்கையும் சமதரையில் நிறுத்தி, வால்வை இறுக்கி, குறுக்குக் குழாயைக் கோத்துக்கொள்ளுங்கள். இரு வால்வின் முகமும் நேருக்கு நேர் வராமல் கோணினால் டேங்கைச் சுழற்றி நேராக்க வேண்டும், குழாயை வளைத்து அல்ல. மேல் பேண்ட், தோள்வளைவு முடிந்து டேங்கின் உடல் நேராகும் இடத்துக்குச் சற்றுக் கீழே. கீழ் பேண்ட் அதிலிருந்து 279 மி.மீ. போல்டை இறுக்கும் முன் பேக்பிளேட்டை ஒருமுறை வைத்துப் பாருங்கள். இரண்டு போல்டும் துளைக்குள் தானாக இறங்க வேண்டும். பிறகு மேலும் கீழும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரு பேண்டை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் டேங்க் சாய்ந்துவிடும். சாய்ந்த டேங்க் குறுக்குக் குழாயை இழுக்கும். அதன் ஓ-ரிங் ஒருபக்கமாக நசுங்கும்.

30 பார் மட்டும் ஏற்றி சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். குறுக்குக் குழாயில் குமிழி வந்தால் ஓ-ரிங்கை மாற்றிப் பயனில்லை. பேண்டைத் தளர்த்தி முதலிலிருந்து கட்டுங்கள். முழு அழுத்தம் ஏற்றிய பின் டேங்க் ஒரு நூலளவு விரியும், இறக்கும்போது சுருங்கும். இரண்டு மூன்று டைவ் ஆனதும் நட்டை மறுபடி பார்க்க வேண்டும்.

வருடத்துக்கு ஒருமுறையாவது பேண்டைக் கழற்றுங்கள். எஃகுப் பேண்டுக்கும் அலுமினியத்துக்கும் நடுவே உப்புத் தண்ணீர் தேங்கினால் அலுமினியம்தான் அரிக்கும். பெயின்ட் உரிந்த இடத்தில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் துடைத்துவிட்டு நகர வேண்டாம், குழி எவ்வளவு ஆழம் என்று பார்க்கச் சொல்லுங்கள்.

பாறைமீன்:

மேனிஃபோல்ட் பற்றி மேலே சொல்லியாகிவிட்டது. நான் காற்றுக் கணக்கைப் பிடித்துக்கொள்கிறேன், ஏனென்றால் உங்கள் திட்டத்தில் எனக்குப் பயமாக இருப்பது அதுதான்.

53 மீட்டரில் சுற்றழுத்தம் 6.3 பார். காற்றில் ஆக்சிஜன் பங்கு 1.32 பார், அது பரவாயில்லை. நைட்ரஜன் மயக்கத்தை எல்லோரும் பேசுவார்கள். அடர்த்தியை யாரும் பேசுவதில்லை. அந்த ஆழத்தில் காற்றின் அடர்த்தி லிட்டருக்கு ஏறத்தாழ 8 கிராம். ஆந்தனி, மிட்செல் என்ற இரு ஆய்வாளர்கள் தந்த பரிந்துரை 5.2 கிராம், எந்த நிலையிலும் தாண்டக்கூடாத வரம்பு 6.2. அதற்கு மேல் போனால் மூச்சு இழுக்கும் வேலை கூடி, உடலில் கார்பன் டை ஆக்சைடு தேங்கும். ஹெர்மிஸில் நீரோட்டம் பிடித்து நீங்கள் இரண்டு நிமிடம் பலமாகத் துடுப்படித்தால் போதும், மூச்சு வாங்கும், பதற்றம் வரும், மயக்கம் இரட்டிப்பாகும். ரெகுலேட்டர் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் காற்று போதவில்லை என்று தோன்றும்.

18/45 டிரைமிக்ஸ் (18 சதவீதம் ஆக்சிஜன், 45 சதவீதம் ஹீலியம், மிச்சம் நைட்ரஜன்) போட்டால் 53 மீட்டரில் அடர்த்தி ஏறக்குறைய 5 கிராம். 21/35 என்றால் 5.8 அளவில் நிற்கும். ஹீலியம் கிடைக்குமா என்பதைப் பயணச் சீட்டு எடுக்கும் முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். கிடைக்காது என்றால் ஹெர்மிஸைத் தள்ளிப் போடுங்கள். அதே கடலில் பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற கப்பல் ஆழம் குறைந்த இடத்தில் கிடக்கிறது, அது காற்றிலேயே அழகான டைவ்.

இப்போது லிட்டர் கணக்கு. 11.1-ஐ 207-ஆல் பெருக்கினால் 2298 வரும், ஆனால் அந்த டேங்கில் நிஜமாக நிற்பது சுமார் 2190 லிட்டர். அழுத்தம் ஏற ஏற வாயு கணக்குப்படி சுருங்குவதில்லை. இரண்டுக்கும் 4380. கரையில் 200 பார்தான் ஏற்றித் தருவார்கள் என்றால் இன்னும் குறையும்.

முதலில் ஒதுக்க வேண்டியது இருவர் மேலே வரத் தேவையான வாயு. பதற்றத்தில் ஆளுக்கு நிமிடத்துக்கு 30 லிட்டர், இருவருக்கு 60. அடியில் சிக்கலைச் சரிசெய்ய 2 நிமிடம்: 60 × 6.3 × 2 = 756. அங்கிருந்து 21 மீட்டரில் 50 சதவீத வாயுவுக்கு மாறும் இடம்வரை 4 நிமிடம், சராசரி 4.7 பார்: 1128. கூட்டினால் 1884 லிட்டர். உங்கள் இரட்டை டேங்கில் அது 85 பார், 90 என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 90 பார் உங்களுடையது அல்ல, கூட வருபவருடையது.

200-ல் 90 போக மிச்சம் 110 பார், 2400 லிட்டருக்கு உள்ளே. நிமிடத்துக்கு 20 லிட்டர் குடிப்பவர் 53 மீட்டரில் 126 லிட்டர் குடிப்பார். ஆக, இறங்கும் நேரத்தையும் சேர்த்து 18 நிமிடம். உங்கள் 20 நிமிடத்துக்கு இதில் இடமில்லை, அதைத் திட்டமாக வைக்காதீர்கள். உங்கள் மூச்சுக் கணக்கு நிமிடத்துக்கு 20 லிட்டருக்கு மேல் என்றால் அந்த 18-உம் கிடையாது.

அலுமினியம் 40 பற்றி: மேலே வரும்போது எங்கே எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று கணக்கிடும் உங்கள் மென்பொருள் 21 முதல் 9 மீட்டர்வரை 10 நிமிடமும், 6 மீட்டரில் 18 நிமிடமும் தருகிறது என்று வைப்போம். அமைதியாக 15 லிட்டர் மூச்சில் முதல் பகுதிக்கு 375, அடுத்ததற்கு 432, மொத்தம் 807. கூட வருபவரின் டேங்க் ஒன்று பழுதானால் பகிர வேண்டும் என்று ஒன்றரை மடங்கு எடுத்தால் 1210. அலுமினியம் 40 முழுதாக நிரம்பினாலே 1130 லிட்டர்தான். போதாது. இன்னொரு அலுமினியம் 80-ஐயே எடுத்து 130 பாருக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள், நீருக்குள் அது பெரிய பாரம் இல்லை.

நெய்தல்:

ஹோஸ் கேள்விக்கு வருகிறேன். எது எந்த வால்வில் என்பது அவரவர் வசதி இல்லை. வால்வைத் திருகும் குமிழ் எந்தப் பக்கம் உருளுகிறது என்பதுதான் அதைத் தீர்மானிக்கிறது.

குப்புற நீந்திக்கொண்டு ஒரு கயிற்றுக்கோ இரும்புத் தகட்டுக்கோ அடியில் புகுந்து முன்னால் போகிறீர்கள். மேலே உரசும் பொருள் இடது குமிழைப் பின்னோக்கித் தள்ளும். இடது குமிழுக்கு அது மூடும் திசை. அதே உரசல் வலது குமிழைத் திறக்கும் பக்கம் சுழற்றும். அதாவது தானாக மூடிக்கொள்ளும் ஆபத்து இடப்பக்கத்துக்குத்தான். அதனால் நீங்கள் குடித்துக்கொண்டிருக்கும் ரெகுலேட்டரும் விங் இன்ஃப்ளேட்டரும் வலது வால்வில். கழுத்தில் தொங்கும் மாற்று ரெகுலேட்டரும் பிரஷர் கேஜும் இடது வால்வில். இடது மூடிக்கொண்டால் நீங்கள் இழப்பது மாற்று மட்டும், மூச்சும் மிதப்பும் கையில் இருக்கும். இன்ஃப்ளேட்டரை இடப்பக்கம் போடுகிறவர் இதைத்தான் விட்டுக்கொடுக்கிறார். ஹோஸ் நேராக வருவது அதற்கு ஈடாகாது.

நீளங்கள்: முதன்மை ஹோஸ், அதாவது நீங்கள் குடிக்கும் ரெகுலேட்டருடையது, 2.1 மீட்டர். உள்ளே நுழையாதவர்கள் 1.5 போட்டுக்கொள்வதுண்டு, ஆனால் கயிற்றில் ஒருவர் பின் ஒருவராக ஏறும்போது 2.1-ன் அருமை தெரியும். அது வலது வால்விலிருந்து விங்குக்குப் பின்னால் நேரே கீழிறங்கி, வலது இடுப்பில் லைட் பேட்டரிக்கு அடியில் புகுந்து (பேட்டரி இல்லையென்றால் மிச்சத்தை இடுப்புப் பட்டையில் செருகி), மார்பைக் குறுக்காகக் கடந்து, இடது தோள் மேலாகக் கழுத்துக்குப் பின்னால் சுற்றி வலப்பக்கத்திலிருந்து வாய்க்கு வர வேண்டும். மாற்று ரெகுலேட்டருக்கு 56 செ.மீ., மோவாய்க்குக் கீழே ரப்பர்க் கயிற்றில். கேஜுக்கு 60 செ.மீ., இடது இடுப்பு டி-ரிங்கில் (பட்டையில் உள்ள உலோக வளையம்) போல்ட் ஸ்னாப் (கொக்கி) போட்டு.

ஹோஸை எடுத்துக் கொடுக்கும் பயிற்சியைத் தரையிலேயே செய்யுங்கள். தலையைத் தாழ்த்தி, ஹோஸைக் கழுத்துக்கு மேலாகத் தூக்கி, நேராக எதிரே நீட்ட வேண்டும். எங்காவது மாட்டினால் மாட்டுவது பெரும்பாலும் மாற்று ரெகுலேட்டரின் ஹோஸ்தான். முதன்மை ஹோஸ் எப்போதும் எல்லாவற்றுக்கும் மேலே, கடைசியாக அணிவது அதுவாக இருக்க வேண்டும். ஸ்டேஜ் டேங்கை (பக்கவாட்டில் தொங்கும் 50 சதவீத டேங்கை) மாட்டும்போது அது முதன்மை ஹோஸின் மேல் ஏறி அழுத்திவிட்டால் கொடுக்கவே முடியாது. இந்தத் தவறு படகில்தான் நடக்கிறது, அவசரத்தில்.

போல்ட் ஸ்னாப்பைக் கேஜோடு சேர்த்துக் கட்ட நைலான் நூல் போதும். உலோக வளையம் வேண்டாம். ஸ்னாப் சிக்கிக்கொண்டால் அறுக்க முடிய வேண்டும். ஸ்டேஜ் டேங்குக்கும் அதே விதி.

பின்னல் உறை போட்ட மெல்லிய ஹோஸ் நம் வெப்பத்துக்கு ஏற்றதா என்று யோசித்து வாங்குங்கள். சிலவற்றின் உட்குழாய் சூடும் ஈரமும் உள்ள இடங்களில் படிகம் கட்டி அடைத்துக்கொள்வதை டைவிங் பாதுகாப்பு அமைப்பான டான் எச்சரித்திருக்கிறது. வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது.

கொண்டல்:

மூவருக்கும் நன்றி. டேங்கில் 3/4-14 என்றே இருக்கிறது. வர இருந்த மேனிஃபோல்ட் எம்25. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஹீலியம் உறுதியான பிறகே தேதி குறிப்பேன்.

இன்னும் இரண்டு சந்தேகம். செட்டை மாட்டினால் ஐசொலேட்டர் கைக்கு எட்டுகிறது, வலது குமிழ் விரல்நுனிக்கு மட்டும்தான் வருகிறது. வால்வை முழுதாகத் திறந்துவிட்டுக் கால் சுற்று பின்னால் திருப்பி வைக்க வேண்டும் என்கிறார்களே, ஐசொலேட்டருக்கும் அப்படியா? 5 மி.மீ. வெட்சூட்டோடு எடை எவ்வளவு போடுவது?

சுழியோடி:

எட்டாததற்கு முதல் காரணம் தோளின் விறைப்பு இல்லை, செட் தாழ்வாகத் தொங்குவது. பேண்ட் இரண்டையும் டேங்கில் 2 செ.மீ. கீழே இறக்குங்கள், அந்த அளவு டேங்க் மேலே வரும். தலையைப் பின்னால் சாய்த்தால் மேனிஃபோல்ட் லேசாக இடிக்க வேண்டும், அதுதான் சரியான உயரம். இடுப்புப் பட்டையை இறுக்கி, தோள் பட்டையில் நாலு விரல் நுழையும் அளவு தளர்வு வையுங்கள். தோள் பட்டை இறுக்கமாக இருந்தால் கை மேலே போகவே போகாது. அப்படியும் எட்டவில்லை என்றால் வெட்சூட்டின் அக்குளைப் பாருங்கள்.

கால் சுற்றுப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். மூடியிருக்கும் வால்வை யாரோ கால் சுற்று மட்டும் திறந்து வைத்தாலும் கைக்கு அதே உணர்வுதான். கரையில் இழுத்துப் பார்த்தால் காற்று வரும், 50 மீட்டரில் வராது. முழுத் திறப்பு அல்லது முழு மூடல், நடுவில் ஒன்றும் வேண்டாம்.

ஐசொலேட்டர் இதைவிட மோசமான இடம். அது மூடியிருக்க ஒரு பக்கமாக நிரப்பினால் ஒரு டேங்க்தான் நிரம்பும். டிரைமிக்ஸ் கலக்கும்போது இது நடந்தால் இரண்டு டேங்கிலும் இரண்டு வேறு வாயு. நீருக்குள் அது மூடியிருந்தால் நீங்கள் வலப்பக்கம் குடிப்பீர்கள், கேஜ் இடப்பக்கத்தைக் காட்டும். முள் நகராது. பத்து நிமிடமாகியும் முள் அசையவில்லை என்றால் மூச்சைச் சிக்கனமாக விடுகிறோம் என்று மகிழாமல் ஐசொலேட்டரைத் தொட்டுப் பாருங்கள். வாயுவை அளக்கும்போது இரண்டு வால்விலும் தனித்தனியாக அளக்க வேண்டும்.

பாறைமீன்:

எடை: அலுமினியம் 80 முழுதாக இருக்கும்போது கடல்நீரில் ஏறத்தாழ 0.7 கிலோ மூழ்கும், காலியானால் 2 கிலோ மிதக்கும். இரட்டைக்கு முழுதில் −1.4, காலியில் +4. பேண்டும் மேனிஃபோல்டும் சுமார் 1.5 கிலோ, ஸ்டீல் பிளேட் 2.3, ரெகுலேட்டர் ஹோஸ் எல்லாம் 1.5 என்று எடுத்தால் தொடக்கத்தில் −6.7, முடிவில் −1.3. உங்கள் வெட்சூட் மேற்பரப்பில் 4 கிலோ மிதக்கும் என்றால் கடைசியில் 2.7 கிலோ கூடுதல் தேவைப்படலாம். இவை கணக்குக்கான எண்கள்தான். 3 மீட்டர் ஆழத்தில், முதுகு டேங்கில் 30 பார் மட்டும் வைத்து, விங்கைக் காலியாக்கி, ஸ்டேஜ் இல்லாமல் நின்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். எடையை இரண்டு டேங்குக்கும் நடுவே, கீழ்ப்பக்கம் வைத்தால் கால் தாழும். மேலே வைத்தால் தலை தாழும்.

53 மீட்டரில் வெட்சூட் நசுங்கி மிதப்பு பெரும்பாலும் போய்விடும். அங்கே விங் கிழிந்தால் நீங்கள் தூக்க வேண்டியது செட்டின் முழுப் பாரமும். இதனால்தான் வெட்சூட்டுக்கு 12 லிட்டர் ஸ்டீல் இரட்டை வேண்டாம் என்கிறோம், அதில் இன்னும் சில கிலோ கூடும். டிரைமிக்ஸ் இங்கேயும் உதவும்: 4380 லிட்டர் காற்று 5.3 கிலோ, அதே அளவு 18/45 கிட்டத்தட்ட 3.3 கிலோ. தொடக்கத்தில் 2 கிலோ இலேசாக இருப்பீர்கள். முடிவில் தேவையான எடை மாறாது.

விங்குக்கு மாற்றாக ஒன்று வேண்டும். டிரைசூட் (உள்ளே காற்று ஊதக்கூடிய நீர்புகா உடை) இந்த நீருக்குச் சூடு என்றால் இரண்டு பை உள்ள விங். இரண்டாவது இன்ஃப்ளேட்டரின் ஹோஸ் இடது வால்விலிருந்து வரட்டும், ஆனால் இணைக்காமல் பக்கத்தில் செருகி வையுங்கள். இணைத்தே இருந்தால், பொத்தான் லேசாகக் கசிந்து இரண்டாவது பை உங்களுக்குத் தெரியாமல் நிரம்பும், எந்தப் பையைக் காலி செய்வது என்று தெரியாமல் மேலே போவீர்கள்.

நெய்தல்:

ஸ்டேஜ் பற்றி ஒன்று விட்டுப்போனது. 50 சதவீத டேங்கின் இரண்டு பக்கமும் 21 என்ற எண்ணை 7 செ.மீ. உயரத்தில் எழுதுங்கள், டேங்க் கிடையாகத் தொங்கும்போது நேராகப் படிக்கும்படி. 53 மீட்டரில் தவறி அதை வாயில் வைத்தால் ஆக்சிஜன் பங்கு 3.15 பார், வலிப்பு வந்துவிடும். மாற்றும்போது ஆழத்தைப் பார்த்து, எண்ணைப் படித்து, வால்விலிருந்து வாய்வரை ஹோஸைக் கையால் தடவிக்கொண்டே வந்து, கூட வருபவர் தலையசைத்த பிறகே வாயில் வைக்க வேண்டும். இறங்கும் முன் ஸ்டேஜ் வால்வைத் திறந்து ஹோஸில் அழுத்தம் ஏற்றி மூடிவிடுங்கள். அழுத்தம் இல்லாமல் இறங்கினால் தண்ணீர் உள்ளே போகும். ஸ்டேஜ் டேங்கின் கழுத்து ஸ்னாப்புக்கும் இடுப்பு ஸ்னாப்புக்கும் உள்ள தூரத்தைக் கடையில் கட்டித் தந்தபடி விடாதீர்கள். உங்கள் மார்பு டி-ரிங்குக்கும் இடது இடுப்பு டி-ரிங்குக்கும் உள்ள தூரத்தை அளந்து கட்டுங்கள், நீளமாக இருந்தால் டேங்க் தொங்கிக் கப்பலில் இடிக்கும்.

50 சதவீதம் என்பதால் அந்த டேங்க், வால்வு, ரெகுலேட்டர் மூன்றும் ஆக்சிஜனுக்குச் சுத்தம் செய்ததாக இருக்க வேண்டும். முதுகு டேங்கும் அப்படியே, தூய ஆக்சிஜனை முதலில் விட்டுக் கலப்பவர்களிடம் நிரப்புவதென்றால். சாதாரண சிலிகான் கிரீஸ் எங்கும் இருக்கக்கூடாது. டைட்டானியம் ரெகுலேட்டரை அதில் போடாதீர்கள்.

இன்னொன்று. ஹெர்மிஸ் மூழ்கிய 1942 ஏப்ரல் 9 அன்று அதில் 307 பேர் இறந்தார்கள். வெளியே மட்டும் சுற்றுவது என்ற உங்கள் முடிவை மாற்றாதீர்கள், எதையும் தொட்டு எடுக்காதீர்கள். இறங்கு கயிற்றிலிருந்து எவ்வளவு தூரம் போகலாம் என்பதையும் 18 நிமிடத்துக்குள் திரும்பிவந்து சேர்வதை வைத்தே குறித்துக்கொள்ளுங்கள். நீரோட்டம் பலமாக இருக்கும் நாளில் கயிற்றை விட்டுவிட்டால் திரும்பப் பிடிக்க முடியாது. அப்போது நீரில் மிதந்தபடியே டிகோ (மேலே வரும் வழியில் நிற்க வேண்டிய நிறுத்தங்கள்) முடிக்க வேண்டிவரும். ஆளுக்கு ஒரு மிதவையும், 50 மீட்டருக்குக் குறையாத நூல் சுற்றிய ஸ்பூலும் வலது பாக்கெட்டில் இருக்கட்டும். மிதவையை 21 மீட்டரில் விடுவதா 30-லேயே விடுவதா என்பதைப் படகுக்காரரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். அவர் எதைப் பார்த்து உங்களைத் தொடர்ந்து வர வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.